ஆட்சேபம் உள்ளவர்கள் சீட்டு அனுப்பலாம்

புருசன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது மனைவிமார்களின் பிறப்புரிமை. சிலருக்கு சினிமா டிக்கெட் கிடைக்கும். சிலருக்கு வாடிய மல்லிகைப்பூ கிடைக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதிக்காது, மற்றதெல்லாம் கொதிக்கும். தூத்துக்குடியில் உப்பு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் மூட்டை தைக்கிற அருணாசலவடிவுக்கு 1974-ஆம் வருசம் ஒரு திங்கட்கிழமை காலையில் கிடைத்ததோ இவை எல்லாவற்றையும் விடக் கொடுமையானது. ஒரு பொட்டலம் திருநீறு.

வடிவு அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். மல்லிகைப்பூவாக இருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

ஏனென்றால் அந்தச் சட்டை கடல்வேந்தனுடையது. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிவனணைந்தபெருமாள். இருபது வயதில் பகுத்தறிவு வந்தபோது, தன் பெயருக்குள் குடியிருந்த சிவனையும் பெருமாளையும் ஒரே நாளில் காலிபண்ணச் சொல்லிவிட்டுக் கடல்வேந்தன் ஆனவர். பகலில் துறைமுகத்தில் ஏறுகிற மூட்டை இறங்குகிற மூட்டைக்குக் கணக்குப் பிடிக்கிற டாலி கிளார்க். சாயங்காலமானால் சீர்திருத்தத் திருமணங்களின் தலைவர். ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது. மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள், கடல்வேந்தன் மைக் பிடிப்பார். கடற்கரையிலிருந்து மில்லர்புரம் வரைக்கும் அவர் தலைமையில் நடந்த கல்யாணங்கள் எண்ணிக்கையில் அடங்காதவை. பெண்ணடிமை பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பந்தலில் உள்ள பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். பேச்சு முடிந்தால்தான் பந்தி போடுவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருக்கும் வடிவுக்கும் கல்யாணம் நடந்தது 1963-இல், மைதானத்தில், ஒரு பொதுக்கூட்ட மேடையில். தலைமை தாங்க வரவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டதால் தன் கல்யாணத்துக்குத் தானே தலைமை தாங்கி, தானே வாழ்த்திப் பேசி, தானே நன்றியும் சொன்ன ஒரே மாப்பிள்ளை இந்தக் கடற்கரையில் அவர்தான். "இன்று முதல் அருணாசலவடிவு எனக்கு அடிமையல்ல, தோழி!" என்று அவர் முழங்கியபோது கைதட்டல் ஹார்பர் வரைக்கும் கேட்டதாம். தோழி அன்று மாலை வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தோழருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் பதினோரு வருசமாக வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு சமத்துவச்செல்வி என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சமத்துவம் சம்பந்தமான தன் வீட்டு வேலைகள் முடிந்தன என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

"இது என்னது?" என்று பொட்டலத்தை நீட்டினாள் வடிவு.

கடல்வேந்தன் அதைப் பார்த்தார். மேடையில் எதற்கும் தடுமாறாதவர், வீட்டில் சற்றுத் தடுமாறினார்.

"அது... பல்பொடி."

"நெத்தியிலயா பல்லு முளைச்சிருக்கு? இந்தா, தேய்ச்ச தடம் அங்கன தெரியுதே."

கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் ஒரு பேச்சாளர் செய்யக்கூடியதை அவர் செய்தார். துண்டைச் சரிபண்ணிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

விளாத்திகுளத்தில் ஆறுமுகநயினார் என்று ஒருவர். கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர்; நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். ஒரே மகள். கடல்வேந்தனுக்கோ ஆண் வாரிசு இல்லை. "எனக்காகக் கேக்கலை வடிவு. கொள்கைக்காகக் கேக்கேன். எனக்குப் பெறகு இந்த மைக்கைப் பிடிக்க ஒரு பையன் வேண்டாமா?" ஆகவே அடுத்த மாதம் விளாத்திகுளத்தில், கோயிலில், ஐயரை வைத்து, அக்கினி வளர்த்து, கொள்கையைக் காப்பாற்றுவதாக ஏற்பாடு. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் சிவனணைந்தபெருமாள். காலிபண்ணிப் போனவர்கள் இருவரும் மூட்டை முடிச்சோடு திரும்பக் குடிவந்துவிட்டார்கள்.

வடிவு அழவில்லை. மூட்டை தைக்கிற கோணி ஊசி எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். அதை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாள்.

"ஒரு பொண்டாட்டி இருக்கையில இன்னொண்ணு கட்டுனா உள்ள வைப்பாகளாமே?"

கடல்வேந்தன் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஒருவரிடம் ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து முழுச் சட்டமும் படித்திருந்தார்.

"பொண்டாட்டி இருந்தாத்தானே? நல்லாக் கேட்டுக்கோ. ஐயர் இல்லாம, அக்கினி இல்லாம நடந்ததை அப்போ கோர்ட்டு கல்யாணம்னே ஒத்துக்கலை. சீர்திருத்தக் கல்யாணம் செல்லும்னு சட்டம் வந்தது அறுபத்தெட்டுல. நமக்கு நடந்தது அறுபத்திமூணுல. அதனால சட்டப்படி நமக்கு நடந்தது கல்யாணம் இல்ல."

"பெறகு என்னது?"

கடல்வேந்தன் யோசித்தார். பொருத்தமான சொல்லைத் தேடுவது அவர் தொழில்.

"பொதுக்கூட்டம்."

"ஓஹோ. பொதுக்கூட்டத்துலதான் புள்ள பெத்தேனா?"

"உணர்ச்சிவசப்படாத. நீ இந்த வீட்டுலயே இருக்கலாம். மூத்தவன்னு மரியாதை குறையாது."

"பொதுக்கூட்டத்துல மூத்தவ இளையவ உண்டா?" என்று கேட்டுவிட்டு வடிவு துவைக்கப் போனாள். அன்று அவருடைய சட்டையைக் கல்லில் அடித்த அடி தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதென்றும், சட்டையில் ஒரு பொத்தான்கூட மிஞ்சவில்லை என்றும் சொல்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். பெரியப்பா வந்து, ஆம்பளைன்னா அப்படித்தான் என்றார். சித்தி வந்து, மூத்தவளா முன்ன நின்னு நடத்திக் குடுத்தா ஊரே உன்னைத் தெய்வம்னு கும்பிடும் என்றாள். "தெய்வம் கிடையாதுன்னு பதினோரு வருசமா எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காரே சித்தி, இனிமே எப்படி ஆக முடியும்?" என்று வடிவு வருத்தத்தோடு கைவிரித்தாள். கிட்டங்கியில் மூட்டை தைக்கிற பெண்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்து உட்காரும்போது பேச்சு நின்றது. "கட்டுனவளா, சேத்துக்கிட்டவளா?" என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. சமத்துவச்செல்வியைப் பள்ளிக்கூடத்தில் எவளோ ஒருத்தி இதே கேள்வியை இன்னும் சுருக்கமான சொல்லில் கேட்டிருந்தாள். அன்றைக்குத்தான் வடிவுக்கு நெஞ்சு காந்தியது. புருசன் போனால் போகிறான், சனியன். பேர் போகிறதே. பதினோரு வருசம் பொண்டாட்டியாக இருந்தவளை, பிள்ளையோடு சேர்த்து, ஒரு வடைக்கும் டீக்கும் இல்லையென்று ஆக்கிவிட முடியுமா?

பக்கத்து வீட்டு ஹில்டா ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மாதா கோயில் தெருவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வக்கீல் சொன்னதை டைப் அடித்தடித்து, வக்கீல் சொல்லாததையும் தெரிந்துவைத்திருந்தாள். கதையைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி பாதி கொட்டிப்போயிற்று.

"எக்கா, உங்க வீட்டுக்காரர் சட்டத்துல பாதியத்தான் வடைக்கு வாங்கியிருக்காரு. அறுபத்தெட்டுச் சட்டம் பின்னால நடக்கப்போறதுக்கு மட்டும் இல்ல. முன்னால நடந்ததும் செல்லும்னு அதுலயே எழுதியிருக்கு. மாலை மாத்தினாலும் போதும், மோதிரம் மாத்தினாலும் போதும், சொந்தபந்தம் பாத்தாப் போதும். நீங்க பொண்டாட்டிதான். அவரு இன்னொண்ணு கட்டுனா ஏழு வருசம் வரைக்கும் உள்ள போகலாம்."

"அந்தச் சட்டம் வந்தப்ப விளக்கக் கூட்டம் போட்டுப் பேசுனதே அவருதானே? முந்தினதும் செல்லும்னு மேடையில குதிச்சாரே!"

"மறந்திருப்பாரு."

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தன் பேச்சைத் தானே காதுகொடுத்துக் கேட்கிற வழக்கம் எந்தப் பேச்சாளருக்கும் கிடையாது.

"அப்போ இப்பவே புகார் குடுப்போம்" என்றாள் வடிவு.

"அங்கதான் இடிக்கி. வக்கீல் சார்ட்ட கேட்டுட்டேன். அவரு கட்டுன பெறகுதான் அது குத்தம். தாலி கட்டட்டும், சாவகாசமாப் பிடிச்சுக்கிடலாம்ங்காரு."

"வீடு எரிஞ்ச பெறகு வாற வண்டியா? அதுவரைக்கும் ஊரு என்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடும்? அந்த விளாத்திகுளத்துப் பிள்ள என்ன பாவம் செஞ்சா? அவளும் நாளைக்கு ஒரு கோர்ட்டு வாசல்ல நிக்கவா?"

ஹில்டா யோசித்தாள். "எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாக. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவுக சொல்லணும்னு சாமியாரு எல்லாரு முன்னாலயும் கேப்பாரு. கொழும்புல ஒரு குடும்பம் வச்சிருந்த ஒருத்தன் இங்கன வந்து பொண்ணு பாத்தான். ரெண்டாவது ஓலை வாசிக்கையில தூணுக்குப் பின்னாலேருந்து ஒரு சத்தம். பாத்தா அவன் கொழும்பு மாமியா! கப்பலேறி வந்திருக்கா."

"எங்களுக்கு ஏதுளா ஓலை? எங்களுக்கு மைக்குதான்."

"மைக்குக்குச் சீட்டு வருமில்லா?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க நினைப்பவர்கள் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள்; பேச்சாளர் அதை மைக்கில் வாசித்துப் பதில் சொல்வார். பயந்த பேச்சாளர்கள் சீட்டை முதலில் மனசுக்குள் வாசித்துப் பார்த்து, பிடிக்காததைப் பைக்குள் போட்டுக்கொள்வதுண்டு. கடல்வேந்தன் அந்த ரகம் இல்லை. சீட்டை வாங்கின கையோடு சத்தமாக வாசிப்பார், பிறகுதான் யோசிப்பார். "என் மேடைக்கு வந்த சீட்டு பதில் இல்லாமல் திரும்பியதில்லை!" என்பது அவருடைய புகழ்பெற்ற வாசகம். அதற்கு எப்போதும் கைதட்டல் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிற முத்துக்கனியின் மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம், கடல்வேந்தன் தலைமையில். முத்துக்கனிக்கும் அவர் மனைவி சீனித்தாய்க்கும் 1955-இல் நடந்ததும் சீர்திருத்தக் கல்யாணம்தான். கடல்வேந்தன் தன் வாழ்நாளில் முதன்முதலாக மைக் பிடித்தது அந்தக் கல்யாணத்தில்தான். முத்துக்கனியின் புஜத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வின்ச் மக்கர் பண்ணினால் அவர் மூட்டையைக் கையாலேயே இறக்கிவிடுவார் என்று ஹார்பரில் பேச்சு.

தன் செல்வாக்கை மாமனாராக வரப்போகிறவர் நேரில் காணட்டும் என்று கடல்வேந்தன் ஆறுமுகநயினாரை விளாத்திகுளத்திலிருந்து வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவரும் நெற்றி நிறையத் திருநீறோடு, ஐயர் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வடிவும் ஹில்டாவும் பெண்கள் பக்கம், மூட்டை தைக்கிறவர்கள் நடுவில்.

கடல்வேந்தன் அன்று உச்சத்தில் இருந்தார். மணமக்கள் மாலையும் கையுமாக நிற்க, பெண் விடுதலை மேடையில் நுரைத்துப் பொங்கியது. "ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா? எவனடா சொன்னது?" என்று அவர் கேட்டபோது, எவன் என்று தெரிந்த ஹில்டா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போது சீட்டு போயிற்று. முன்வரிசை வழியாக, ஆறுமுகநயினார் கைமாறி, மேடைக்கு. அவரும் பயபக்தியோடு வாங்கி நீட்டினார்.

சீட்டு டைப் அடிக்கப்பட்டிருந்தது. கடல்வேந்தனின் மேடை வாழ்க்கையில் டைப் அடித்த சீட்டு வருவது இதுவே முதல் தடவை. முகம் மலர்ந்துபோயிற்று. கூட்டத்துக்கு அதைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ, படித்தவர்களும் நம் கூட்டத்துக்கு வருகிறார்கள்! நண்பர் கேட்கிறார்..." குரலை உயர்த்தி வாசித்தார். "'தலைவர் அவர்களுக்கு. அறுபத்தெட்டாம் வருசத்துக்கு முன்னால் நடந்த சீர்திருத்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். இப்படிக்கு, 1963-இல் தங்கள் தலைமையில் தங்களையே மணந்துகொண்ட...'"

கடைசி வரி மைக்கில் பாதிதான் கேட்டது. மீதியை எழுந்து நின்று அவளே சொன்னாள்.

"அருணாசலவடிவு!"

பந்தலுக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள் வடிவு. "வீட்டுல சொன்னதை இங்கன சொல்லுங்க. அறுபத்தெட்டுக்கு முந்தி மாலை மாத்தினதெல்லாம் கல்யாணம் இல்ல, பொதுக்கூட்டம்னு சொன்னீகளே."

கடல்வேந்தன் தொண்டையைக் கனைத்தார். "இது... குடும்ப விசயம். மேடையில..."

"சீட்டு பதில் இல்லாமத் திரும்பாதுன்னு சொல்லுவீகளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வழக்கம்போல் கைதட்டினார்கள்.

"குடும்ப விசயம்தான்" என்றாள் வடிவு. "ஆனா எந்தக் குடும்பத்து விசயம்? சீனித்தாய் அக்கா, உங்களுக்கு எந்த வருசம் கல்யாணம்?"

மணப்பெண்ணின் தாய் மெதுவாக எழுந்தாள். "அம்பத்தஞ்சுல. இவருதான் வாழ்த்திப் பேசினாரு."

"அப்போ எனக்குச் செல்லாதுன்னா உங்களுக்கும் செல்லாது. இங்கன உக்காந்திருக்கிற பாதிப்பேருக்குச் செல்லாது. முத்துக்கனி அண்ணாச்சி, அது உங்க பொஞ்சாதி இல்லையாம். மணவடையில நிக்கிறது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. முத்துக்கனி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நிதானமாக, ஒரு கப்பலிலிருந்து அடுத்த கப்பலுக்குப் போவதுபோல, மேடையை நோக்கி நடந்தார்.

"வேய் கடலு" என்றார், மிக மென்மையாக. "எம் மக யாரு மக?"

கடல்வேந்தன் மேடையின் நீள அகலத்தை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தார். இறங்க ஒரு படிதான் இருந்தது. அதில் முத்துக்கனி நின்றுகொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண் சந்தனமாரி. மாப்பிள்ளை கழுத்துக்கு நேரே உயர்த்திய மாலையை அவள் போடவும் இல்லை, இறக்கவும் இல்லை. மாப்பிள்ளை கழுத்தை நீட்டியபடி நின்றான்.

"ஏளா, போடு" என்று கூட்டத்தில் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"பதில் வரட்டும்" என்றாள் சந்தனமாரி. "செல்லாத இடத்துல நான் எதுக்குப் போடணும்?"

கடல்வேந்தன் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே அவருடைய மிளகாய்க்காடும் பருத்திக்காடும் வாய் திறந்து உட்கார்ந்திருந்தன. படியைப் பார்த்தார். அங்கே புஜம். இருபது வருச மேடை வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான்.

"செல்லும்."

"எது?" என்றாள் வடிவு.

"எல்லாம்."

"அறுபத்திமூணுல மைதானத்துல நடந்தது?"

மைக் கீய்ங் என்று கத்தியது. "...செல்லும்."

"அப்போ நான் யாரு?"

"பொண்டாட்டி."

"சட்டப்படியா?"

"சட்டப்படி."

மூட்டை தைக்கிற பெண்கள் முதலில் கைதட்டினார்கள். வடிவு அவர்கள் பக்கம் திரும்பி, கிட்டங்கியில் அந்தக் கேள்வியைக் கேட்டவளை மட்டும் பார்த்தாள். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகநயினார் எழுந்து தோள் துண்டை உதறினார். "மேடையில நடந்த ஏதோ கூத்துன்னுல்லா சொன்னீரு, பெருமாள்?"

"மாமா, அது வந்து..."

"யாரு மாமா? எம் மகளுக்கு நல்லவேளை, உம்ம ஊருல கேள்வி கேக்கப் பொம்பள இருக்கு." வெளியே போகிற வழியில் வடிவுக்கு முன் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், கும்பிடு ஒன்று போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

சந்தனமாரி மாலையைப் போட்டாள். பந்தி போட்டார்கள். கடல்வேந்தன் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிந்த முதல் கல்யாணம் என்று சமையல்காரர் மகிழ்ந்தார்.

கை கழுவுகிற இடத்தில் அவர் வடிவை நெருங்கினார். தோற்றாலும் தலைவர் அல்லவா, பெருந்தன்மையோடு சொன்னார்:

"சரி, போனது போகட்டும். நீதான் பொண்டாட்டின்னு சொல்லிட்டேன்லா? வா, வீட்டுக்குப் போவோம். வெந்நீர் போடணும்."

வடிவு வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"பொண்டாட்டின்னு சொன்னது சட்டம். நீங்க வாயால திருப்பிச் சொன்னீக, அவ்வளவுதான். வீட்டுக்கு யாரு வரணும்னு நான் இன்னும் சொல்லலையே. கடற்கரையில லாட்ஜு இருக்கு. அங்கன வெந்நீர் குழாய்லயே வருமாம்."

அவர் லாட்ஜில்தான் இருந்தார். கேட்பவர்களிடம் இயக்கப் பணி என்று சொன்னார். இரண்டாம் கல்யாணப் பேச்சை எங்கேயாவது எடுத்தால் புகார் மனு தயாராக இருக்கிறது, தேதி மட்டும்தான் டைப் அடிக்கணும் என்று ஹில்டா அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாக நினைவூட்டினாள்.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு புது வழக்கம் வந்தது. மாலை மாற்றுமுன் மைக்கில், "ஆட்சேபம் உள்ளவர்கள் சீட்டு அனுப்பலாம்" என்று அறிவிப்பார்கள். அறிவிப்பது வடிவு. முதலில் சந்தனமாரியின் நாத்தனார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக. கிட்டங்கி வேலை முடிந்து, உப்பு படிந்த காலைக் கழுவிக்கொண்டு, கொண்டையில் ஊசியோடு நேராக மேடைக்கு வருவாள். பேச்சு ஐந்து நிமிசம். சாப்பாடு ஆறாது. வந்த சீட்டைச் சத்தமாக வாசிப்பாள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் புருசனிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு கல்யாணத்தில், மணமக்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லையென்று ஆன பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பழக்கப்பட்ட கையெழுத்து. வடிவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'தலைவர் அவர்களுக்கு. சட்டப்படி கணவனாகிய நான் வீட்டுக்கு எப்போது வரலாம்? இப்படிக்கு, சிவனணைந்தபெருமாள் என்கிற கடல்வேந்தன்.'"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் ஒரு துண்டு அவசரமாக முகத்தை மூடியது. முன்வரிசையில் இருந்த சமத்துவச்செல்வி மட்டும் திரும்பவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, சீட்டை மேஜை விரிப்போடு சேர்த்து ஒரு குத்துக் குத்தி வைத்தாள்.

"பரிசீலனையில இருக்கு" என்றாள். "அடுத்த சீட்டு."